நெடுஞ்சாலையில் கார் நின்றால், மோதினால்: நமக்கு என்ன உரிமை, என்ன கடமை?

குடும்பத்தோடு காரில் வெளியூர் கிளம்பும்போது தண்ணீர் பாட்டில், தின்பண்டம், போன் சார்ஜர் எல்லாவற்றையும் நினைவாக எடுத்து வைக்கிறோம். வழியில் டயர் வெடித்தால் யாரைக் கூப்பிடுவது, அடிபட்டால் மருத்துவமனையில் முன்பணம் கேட்பார்களா என்பதை மட்டும் யாரும் பேசிக்கொள்வதில்லை. இந்த இரண்டுக்கும் இந்தியாவில் சட்டம் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது. பதற்றத்தில் அதையெல்லாம் தேடிப் படிக்க முடியாது. அதனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே ஒருமுறை படித்துவிடுங்கள். கார் ஓட்டுபவர் மட்டும் படித்தால் போதாது, பக்கத்தில் உட்காருபவரும் படிக்க வேண்டும். அடிபடுவது ஓட்டுபவராகவே இருக்கலாம்.

வண்டி பாதியில் நின்றுவிட்டால்

தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் கூப்பிட வேண்டிய எண் 1033. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் இது, இரவு பகல் எந்நேரமும் இயங்கும். சுங்கம் வசூலிக்கும் சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் மூன்றும் இருக்க வேண்டும். 1033-க்குச் சொன்னால் தேவையானதை அனுப்புவார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். கிரேன் வருவது போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிற்கும் வண்டியைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்துவதற்காக. உங்கள் வீட்டுக்கோ, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடமோ அது கொண்டுபோய் விடாது. அதற்கு உங்கள் கார் கம்பெனியின் சாலையோர உதவிச் சேவையோ, காப்பீட்டோடு சேர்த்து வாங்கிய உதவிச் சேவையோ இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பாலிசி தாளை எடுத்து இன்றே பாருங்கள். பலர் அதற்குப் பணம் கட்டியிருப்பார்கள், ஆனால் இருப்பதே தெரியாது.

எங்கே நிற்கிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? மைல்கல்லைப் பாருங்கள். கல்லின் தலைப்பகுதி மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் கிலோமீட்டர் எண் இருக்கும். அந்த எண், நீங்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பது, கடைசியாகத் தாண்டிய சுங்கச்சாவடி இந்த மூன்றையும் சொன்னால் போதும். போகும் திசையைச் சொல்ல மறக்காதீர்கள். நடுவில் தடுப்பு உள்ள நான்கு வழிச்சாலையில் வண்டி எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், அடுத்த திருப்பம் வரை போய்த்தான் திரும்பி வர முடியும். மாநிலச் சாலை, ஊர்ச்சாலை என்றால் 1033 வேண்டாம். போலீஸ் உட்பட எல்லா அவசரத்துக்கும் 112, ஆம்புலன்ஸுக்கு 108.

அடுத்தது நம் கடமை. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ ஏற்படும்படி வண்டியைச் சாலையில் விட்டுவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு சொல்கிறது. கார் கொஞ்சமாவது உருளும் என்றால் இடது ஓரத்துக்கு, முடிந்தால் தார் விளிம்பைத் தாண்டி இறக்கிவிடுங்கள். டயர் கிழிந்தால் கிழியட்டும், இன்னும் ஐம்பதடி உருட்டிக்கொண்டு போவதில் தப்பில்லை. நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மின்னும் ஹசார்ட் விளக்கைப் போடுங்கள். அப்புறம் டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணம். புது காரோடு கொடுக்கிறார்கள், பெரும்பாலோர் உறையைக்கூடப் பிரிப்பதில்லை.

முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். காரின் பின்னாலேயே பத்தடியில் வைத்துவிட்டு வருகிறார்கள். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் கடக்கும். முக்கோணம் 50 மீட்டர் பின்னால் இருந்தால்கூட, அதைத் தாண்டியபின் அந்த ஓட்டுநருக்குக் கிடைப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. ஆகவே நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது தள்ளி வையுங்கள், சுமார் 130 எட்டு. வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும். சாலை ஓரமாக, வரும் வண்டிகளைப் பார்த்தபடி, முக்கோணத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நடங்கள்.

இதைவிட முக்கியம், காருக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒருமுறை இரவில் எங்கள் கார் பஞ்சராகி நின்றபோது, குளிரும் என்று பிள்ளைகளைப் பின் இருக்கையிலேயே உட்கார வைத்துவிட்டேன். ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "முதல்ல பிள்ளைங்கள இறக்குங்க சார், வேலி பக்கம் நிக்க வைங்க" என்று சத்தம் போட்டார். அவர் சொன்னதுதான் சரி. நின்ற கார் மீது பின்னாலிருந்து மோதினால் முதலில் நசுங்குவது பின் இருக்கைதான். எல்லாரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம், காருக்குப் பின்னால் சற்றுத் தள்ளிப் போய் நிற்க வேண்டும்.

ஸ்டெப்னி மாற்றுவது பஞ்சர் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. வலது பக்கச் சக்கரம் என்றால், மாற்றுபவரின் முதுகு ஓடும் சாலையைப் பார்த்து இருக்கும். ஓரம் குறுகலாக இருந்தால் மாற்ற முயலாதீர்கள், ரோந்து வண்டிக்குக் காத்திருங்கள். இடம் இருந்தால் ஹேண்ட் பிரேக் போட்டு, வண்டியைக் கியரில் விட்டு, மூலைக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு பலம் கொடுத்துத் திருகினால் கார் ஜாக்கியிலிருந்து நழுவும். இறுக்கும்போது ஒன்றுக்கு எதிரில் உள்ளது என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருந்தால் அது பஞ்சர் கடை வரை போவதற்குத்தான். வேக வரம்பு அதிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 80. சில புது கார்களில் ஸ்டெப்னியே இருக்காது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-இல் விதியைத் திருத்தினார்கள். உங்கள் காரில் எது இருக்கிறது என்று டிக்கியைத் திறந்து பார்த்துவையுங்கள்.

அடிபட்டால்: முதல் ஒரு மணி நேரம்

காயம் பட்ட முதல் ஒரு மணி நேரத்தைப் பொன்னான நேரம் என்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்தச் சொல்லையே சட்டத்துக்குள் கொண்டுவந்து, அந்த நேரத்தில் பணம் கேட்காமல் சிகிச்சை கிடைக்க மத்திய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தத் திட்டம் 2025 மே மாதம் அறிவிக்கையாக வந்தது. பலருக்கும் இன்னும் இது தெரியவில்லை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

மோட்டார் வாகனத்தால் நடந்த விபத்தில் காயம்பட்ட எவருக்கும் இது பொருந்தும். நெடுஞ்சாலைதான் என்று இல்லை, எந்தச் சாலையாக இருந்தாலும் சரி. விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். காரில் நான்கு பேர் அடிபட்டால் நான்கு பேருக்கும் தனித்தனியாக அந்த வரம்பு. திட்டத்துக்கென்று குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் முழுச் சிகிச்சை கிடைக்கும். மற்ற மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவரும் வரையிலான சிகிச்சை மட்டும் இதில் அடங்கும். அங்கிருந்து மாற்றிவிடுவார்கள். நடந்தது சாலை விபத்துதான் என்று காவல்துறை உறுதி செய்ய வேண்டும். அதனால் 112-க்குச் சொல்லிவிடுவது பணவிஷயத்திலும் உதவும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்பே மாநிலத் திட்டம் ஒன்று வந்துவிட்டது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’. பெயரில் உள்ள 48 என்பது முதல் 48 மணி நேரத்தைக் குறிக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். அடிபட்டவர் வெளிமாநிலத்தவரா, வெளிநாட்டவரா, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் பார்ப்பதில்லை. தொடங்கும்போது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று இருந்த வரம்பு பின்னர் 2 லட்சமாக உயர்ந்தது. 48 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டால், காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு அந்தத் திட்டத்தில் தொடரும். அட்டை இல்லாதவர்கள் அரசு மருத்துவமனைக்கு மாறலாம், அல்லது தங்கள் செலவில் அங்கேயே தொடரலாம்.

மருத்துவமனை வாசலில் என்ன பேசுவது? "சாலை விபத்து, இன்னுயிர் காப்போம் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எந்த மருத்துவமனையாக இருந்தாலும், போலீஸ் வரட்டும், வழக்கு எண் வரட்டும் என்று காத்திருக்க வைக்க முடியாது. சம்பிரதாயங்களுக்காகக் காத்திராமல் உடனே சிகிச்சை தருவது பணியில் இருக்கும் மருத்துவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. 1989-இலேயே உச்ச நீதிமன்றமும் பரமானந்த் கட்டாரா வழக்கில் இதைத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டது.

அதே 134-ஆம் பிரிவு ஓட்டுநருக்கும் கடமை வைத்திருக்கிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்ய வேண்டும். போலீசுக்குத் தகவல் தர வேண்டும், அங்கே போலீஸ் இல்லை என்றால் 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள காவல் நிலையத்தில். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது என்ற நிலை இருந்தால் அங்கிருந்து நகர்வதைச் சட்டமும் புரிந்துகொள்கிறது. ஆனால் நேராகக் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும்.

அடிபட்டவர் வேறு யாரோ என்றால்

நம் கார் நன்றாகத்தான் ஓடுகிறது, வழியில் வேறு யாரோ அடிபட்டுக் கிடக்கிறார்கள். நிறுத்த நினைத்தும் "எதற்கு வம்பு, கோர்ட்டுக்கு அலைய விடுவார்கள்" என்று தாண்டிப் போகிறோம். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. 2019 திருத்தம் 134ஏ என்ற பிரிவையே சேர்த்தது, 2020 செப்டம்பரில் விதிகளும் வந்தன. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது, அடிபட்டவருக்கு என்ன ஆனாலும் வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி, போன் எண் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மருத்துவமனை அவரைப் பிடித்து வைக்கவோ பணம் கேட்கவோ கூடாது. சாட்சி சொல்ல அவராகவே முன்வந்தால், அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில் ஒரே தடவை விசாரிக்க வேண்டும். இந்த உரிமைகளை மருத்துவமனை தன் வாசலில் உள்ளூர் மொழியிலும் எழுதி வைக்க வேண்டும்.

அடிபட்டவரைப் பொன்னான நேரத்துக்குள் சேர்த்து உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மத்திய அரசு வெகுமதியும் அறிவித்தது. 2021-இல் 5,000 ரூபாய், 2025-இல் அது 25,000 ஆனது. பணத்துக்காக யாரும் நிறுத்தப்போவதில்லை. அரசே கூப்பிட்டுப் பணம் கொடுக்கும் ஒரு காரியத்தைச் செய்தால் போலீஸ் தொந்தரவு வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம்

சீட் பெல்ட் பின் இருக்கைக்கும் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனாலும் 1,000 ரூபாய், இரண்டும் 194பி பிரிவில் வருகின்றன. அபராதத்தை விடுங்கள், முன் இருக்கையில் மடியில் குழந்தையை வைத்துக்கொள்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். மோதினால் காற்றுப்பை வெடித்து விரியும் இடத்தில்தான் குழந்தையின் தலை இருக்கிறது.

மற்றொன்று காப்பீடு. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் சட்டப்படி வண்டி ஓட்டலாம். ஆனால் உங்கள் தவறால் விபத்து நடந்தால், உங்கள் காரில் உட்கார்ந்து வந்த சொந்தக் குடும்பத்தினர் அதில் பொதுவாக அடங்க மாட்டார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் முழுக் காப்பீடு எடுக்க வேண்டும். உரிமையாளரே ஓட்டினால் அவருக்கென்று 15 லட்சம் ரூபாய்க்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு, பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால், எண்ணும் தெரியாவிட்டால், அதற்கும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயம் பட்டவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடு. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலும் மருத்துவமனைத் தாள்களும் கூடவே வேண்டும். மோதிய வண்டி தெரிந்திருந்தால் வழி வேறு, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அங்கே மனுப் போட விபத்து நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு என்று சட்டத்தில் இருக்கிறது. துக்கத்திலும் சிகிச்சையிலும் ஆறு மாதம் ஓடியே போய்விடும், ஆகவே வீட்டில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் முதல் வாரத்திலேயே இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள்.