வாவிக்கரை மண்ணில் புதிய பற்றீரியா: இனங்கண்டு நிறுவும் வழி

மட்டக்களப்பின் படுவான்கரையில் வாவியை ஒட்டிய வயல் மண்ணுக்கு மாரியில் ஒரு குணம், கோடையில் இன்னொரு குணம். மழைக்கு உப்புக் கரைந்து இறங்கும். ஆடி ஆவணி வெயிலில் உவர் மேலேறி வெள்ளை பூக்கும். இந்த இழுபறியைத் தாங்கி வாழும் பற்றீரியாக்களில் இன்னும் பெயரிடப்படாதவை இருக்க நல்ல வாய்ப்புண்டு.

5 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்து மண்ணில் 10 கிராம் நிறுத்து, கிருமியழித்த 0.85 சதவீத உப்புநீர் 90 மில்லிலீற்றரில் குலுக்க வேண்டும். அதிலிருந்து பத்துப் பத்து மடங்காக, பத்து இலட்சம் மடங்குவரை ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலீற்றரை, ஏகார் என்ற களிபோன்ற வளர்ப்பு ஊடகம் நிரப்பிய தட்டில் பரப்ப வேண்டும்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஊடகத்தில்தான். சத்து மிகுந்த போசணை ஏகாரில் வேகமாக வளரும் பசிலசு வகைப் பற்றீரியாக்கள் இரண்டே நாளில் தட்டை மூடிவிடும். மெதுவாக வளர்பவை வெளியே தெரியாது. ஆர்2ஏ போன்ற சத்துக் குறைந்த ஏகாரில் 1 முதல் 3 சதவீதம் உப்பும், பூஞ்சணத்தை அடக்கச் சைக்ளோஹெக்சிமைட்டும் சேர்த்து, 28 முதல் 30 பாகை செல்சியசில் இரண்டு வாரம் விடுங்கள். சைக்ளோஹெக்சிமைட் நஞ்சு; கையுறை அவசியம். தட்டுகள் காயாதபடி பையிலிட்டுக் கட்டவும். இரண்டாம் வாரத்தில் தலைகாட்டும் ஊசிமுனைக் கொலனிகளை (கிருமித் திரள்களை) தவற விடாதீர்கள். எடுத்த கொலனியை மூன்று முறையாவது கீறி வளர்த்துத் தூய்மையாக்கி, 20 சதவீதக் கிளிசரோலில் −80 பாகையில் சேமிக்க வேண்டும்.

அடுத்தது, எல்லாப் பற்றீரியாக்களிலும் இருப்பதால் இனங்களை ஒப்பிட உதவும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ பரம்பரையலகை (ஜீனை) வாசிப்பது. ஏறத்தாழ 1,500 டிஎன்ஏ எழுத்து நீளமான அது முழுதாக வேண்டும். 700 எழுத்துத் துண்டை வைத்து இனத்தைத் தீர்மானிக்க முடியாது. வாசிப்பு வரைபில் ஒரே இடத்தில் இரட்டை உச்சிகள் பல தெரிந்தால், வளர்ப்பில் இரண்டு கிருமிகள் கலந்திருக்கக்கூடும். ஒப்பீடும் பெயரில்லாத பதிவுகளோடு அல்ல, பெயர்பெற்ற இனங்களின் வகைமாதிரிக் கிருமிகளோடு (இனத்தின் பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட கிருமிகளோடு) மட்டுமே நடக்க வேண்டும். ஒற்றுமை 98.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய இனமாக இருக்கலாம். மேலே என்றால் கதை முடிந்துவிடவில்லை: பசிலசு அந்திராசிசும் பசிலசு சீரியசும் இந்தப் பரம்பரையலகில் ஏறக்குறைய ஒன்றே. அங்கே முழு மரபணுத்தொகுதிதான் தீர்ப்புச் சொல்லும். சராசரி நியூக்கிளியோதைட்டு ஒற்றுமை (இரு மரபணுத்தொகுதிகளின் எழுத்துகள் சராசரியாக எவ்வளவு ஒத்துள்ளன என்பது) 95–96 சதவீதத்துக்குக் கீழும், கணினிவழி டிஎன்ஏ கலப்பு மதிப்பு (இரண்டின் டிஎன்ஏயும் ஒன்றோடொன்று எவ்வளவு இணையும் என்ற கணிப்பு) 70 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் அது வேறு இனம்.

எண்கள் மட்டும் போதாது. கலத்திலுள்ள கொழுப்பமிலம், குயினோன், முனைவுக் கொழுப்பு ஆகிய வேதிப்பொருள்கள், தாங்கும் உப்பு, பீஎச், வெப்ப எல்லை என்பனவற்றையும் அளக்க வேண்டும். நெருங்கிய உறவினங்களின் வகைமாதிரிகளையும் வரவழைத்து, அதே ஊடகத்தில், அதே வெப்பநிலையில், பக்கத்திலேயே வளர்த்து அளப்பதே சரி. கொழுப்பமில விகிதம் வெப்பநிலையோடு மாறுவதால், பழைய கட்டுரைகளின் எண்களோடு ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு தோன்றும்.

கடைசியாக, புதிய கிருமியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் வளர்ப்புச் சேகரங்களில் வைப்பிலிட வேண்டும். யாருக்கும் கொடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டுடன் வைத்த கிருமி வகைமாதிரியாகாது, பெயரும் செல்லாது. ஆகவே, மண்ணை அள்ளுமுன்பே கிருமியை வெளிநாட்டுக்கு அனுப்பவும் பகிரவும் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.