டிரான்செக்ட்: ஊடறுகோடு

சூழலியல் கள ஆய்வு படிக்க வருபவர்கள் முதல் வாரமே கேட்கும் சொல் டிரான்செக்ட். கன்னியாகுமரி மாவட்டத்தின் கீரிப்பாறை, கோதையாறு காடுகளில் கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் சுருக்கமாக 'லைன்' என்பார்கள். நிலத்தின் குறுக்கே முன்கூட்டியே குறித்துக்கொண்ட நேர்கோடு அது. அதன்மேல் நடந்தபடியோ, அதையொட்டிச் சட்டம் (எண்ணும் இடத்தை வரையறுக்கும் சதுரச் சட்டகம்) வைத்தோ உயிர்களை எண்ணுகிறோம்.

லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் ஊடே, குறுக்கே. 'செக்காரே' என்றால் வெட்டுதல். ஆங்கிலத்தில் இது 17ஆம் நூற்றாண்டிலேயே வினைச்சொல்லாக வந்துவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெடெரிக் கிளெமென்ட்ஸ் போன்ற தாவரச் சூழலியலாளர்கள் அதைக் கள முறை ஒன்றின் பெயராக்கினார்கள்.

தமிழில் 'குறுக்குவெட்டு' என்று எழுதினால் தண்டை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் குறுக்குவெட்டோடு குழம்பும். 'வழித்தடம்' அதைவிடத் தவறு. ஏன் என்று கீழே வருகிறது. நம்மிடம் 'ஊடறு' என்ற வினை ஏற்கெனவே இருக்கிறது: ஊடே அறுத்துச் செல்வது. லத்தீன் மூலத்தின் இரண்டு உறுப்பும் அதில் அப்படியே அமைகின்றன. எனவே 'ஊடறுகோடு' என்பதே பொருத்தம். கோட்டின் இருபுறமும் குறிப்பிட்ட அகலத்துக்கு எண்ணினால் அது 'ஊடறுபட்டை'.

வழித்தடம் ஏன் ஆகாது? ரப்பர் தோட்டத்துச் சாலையும் ஓடைக்கரைப் பாதையும் நடக்க எளிதான இடமாகப் பார்த்து அமைந்தவை. பாதையோரத்தில் வெளிச்சம் கூடுதல், களைச்செடி கூடுதல். சில விலங்குகள் பாதையை விரும்பி வரும், சில விலகிப் போகும். அங்கே எண்ணியதைக் காடு முழுவதற்கும் பெருக்கினால் விடை பிழைக்கும். கோட்டை வரைபடத்தில் முதலில் போட வேண்டும்: தொடக்கப் புள்ளியைக் குலுக்கலில் எடுத்து, அடுத்தடுத்த கோடுகளைச் சம இடைவெளியில் வைக்கலாம். மாற்றம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் கோடு போக வேண்டும். மலையில் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கி. மணக்குடி அலையாத்திக் காட்டில் நீரோரத்திலிருந்து நிலம் நோக்கி. சரிவில் நாடாவைத் தரையோடு இழுத்தால் நீளம் ஏமாற்றும்: 30° சரிவில் 20 மீட்டர் நாடா, கிடைமட்டத்தில் 17.3 மீட்டர்தான்.

கருமந்தி, மலை அணில் போன்றவற்றை எண்ணக் காலையில் மெதுவாக நடக்கிறோம். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று எண்கள் தேவை: விலங்கு வரை உள்ள தூரம், விலங்கு இருக்கும் திசைக்கோணம் (திசைகாட்டியில் வடக்கிலிருந்து அளந்த கோணம்), கூட்டத்தின் எண்ணிக்கை. கோட்டின் திசைக்கோணம் 70°, விலங்கினுடையது 100°, தூரம் 40 மீட்டர் என்றால் இடைக்கோணம் 30°. 40 × சைன் 30° = 20 மீட்டர். இதுவே கோட்டிலிருந்து செங்குத்துத் தூரம். கணக்கு முழுவதும் இதை நம்பித்தான் நிற்கிறது. கூட்டமாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்குத்தான் அளக்க வேண்டும், முதலில் கண்ணில் பட்ட விலங்குக்கு அல்ல. விலங்கு நம்மைக் கண்டு நகர்ந்துவிட்டால் அது முதலில் நின்ற இடமே கணக்கு.

தொலைவு கூடக் கூடக் கண்ணுக்குத் தப்புபவை கூடும். எவ்வளவு தப்புகிறது என்பதைச் செங்குத்துத் தூரங்களின் பரவலே சொல்லும். அதற்கு 60 முதல் 80 காட்சிகளாவது வேண்டும். மொத்தம் 20 கிலோமீட்டர் நடந்து 60 கூட்டங்கள் பார்த்தோம், பயனுறு அரை அகலம் (தப்பியவற்றுக்கு ஈடுசெய்தபின், கோட்டின் ஒருபுறம் முழுதாக எண்ணியதற்குச் சமமான அகலம்) 25 மீட்டர் என்று கொள்வோம். 2 × 20 × 0.025 = 1 சதுர கிலோமீட்டர். அடர்த்தி, சதுர கிலோமீட்டருக்கு 60 கூட்டங்கள்.

கணினியில் ஏற்றுவதற்கு முன் தூரங்களைப் பட்டை வரைபடமாகப் போட்டே தீர வேண்டும். 5, 10, 15 என்ற எண்களில் மட்டும் பட்டை உயர்ந்து நின்றால், யாரோ கண்மதிப்பில் முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார்கள். பூஜ்யத்துக்கு அருகில் பள்ளம் விழுந்திருந்தால், விலங்குகள் முன்கூட்டியே ஒதுங்கியிருக்கின்றன. அல்லது தலைக்கு நேர்மேலே கிளையில் இருந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோட்டின்மேல் இருப்பது ஒன்றுகூடத் தப்பாது என்பதுதான் முறையின் அடிப்படை. அது உடைந்தால் மென்பொருளால் மீட்க முடியாது. மிகத் தொலைவான 5 முதல் 10 விழுக்காட்டுக் காட்சிகளை நீக்கிவிடுவது நல்லது.

மாணவர் அறிக்கைகளில் அடிக்கடி வரும் பிழை இன்னொன்று. 2 கிலோமீட்டர் கோட்டை ஆறு முறை நடந்தால் உழைப்பு 12 கிலோமீட்டர். ஆனால் கோடு ஒன்றுதான். அதை ஆறு மாதிரிகளாக எழுதினால் பிழை வரம்பு பொய்யாகச் சுருங்கும். 10 முதல் 20 கோடுகள் வேண்டும். இந்த மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால், கோடுகளைப் பிரித்து வெவ்வேறு பருவத்தில் நடந்துவிட்டு ஒப்பிடுவதும் கூடாது.

முட்டம் கடற்கரைப் பாறைகளில் ஓத ஏற்ற இறக்கம் (கடல்நீர் ஏறி வடியும் உயரம்) ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் கோடு குட்டையானது, 0.5 மீட்டர் சதுரச் சட்டங்களை நெருக்கமாக வைக்க வேண்டும். சட்டத்தின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் ஒட்டியிருக்கும் சிப்பிகளுக்கு விதியை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: மேல், இடது விளிம்புகளைத் தொடுபவை கணக்கில்; கீழ், வலது விளிம்புகளைத் தொடுபவை இல்லை.