கிமுரா: தோற்ற வீட்டார் ஏற்றுக்கொண்ட பெயர்

சின்ன வயதில் திருடன் போலீஸ் விளையாடியவர்களுக்கு இந்தப் பிடி புதிதல்ல. திருடனின் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, மணிக்கட்டை மேலே தூக்கினால் தோளில் சுரீர் என்று வலிக்கும். தரையில் புரண்டு மல்லுக்கட்டும் சண்டைக் கலையான பிரேசில் ஜியு-ஜிட்சுவில் அதையே தரையில் கிடந்தபடி இரண்டு கைகளாலும் பூட்டிச் செய்கிறார்கள். அந்தப் பூட்டுக்குப் பெயர் கிமுரா. ஒரு கையால் எதிராளியின் மணிக்கட்டு. இன்னொரு கையை அவருடைய மேற்கையைச் சுற்றி உள்ளே விட்டு நம் மணிக்கட்டையே பிடித்துக்கொள்ள வேண்டும். பெருவிரலைத் தனியே பிரிக்காமல் மற்ற விரல்களோடு சேர்த்துக் கொக்கிபோல் போடுவார்கள். அவருடைய முழங்கை மடிந்தே இருக்கவேண்டும். அப்படியே முதுகுப் பக்கமாகத் திருகினால் தோள் தாங்காது. தரையையோ ஆளையோ தட்டிச் சரணடைய வேண்டியதுதான்.

ஜப்பானிய மொழியில் கிமுரா என்பது ஒரு குடும்பப் பெயர். 'கி' என்றால் மரம், 'முரா' என்றால் சிற்றூர். நம்மூர் ஆலங்குடி, புளியங்குடி மாதிரி. ஜூடோக்காரர்கள் இந்தப் பூட்டைக் 'க்யாகு உதே-கராமி' என்பார்கள்: எதிர்த்திசையில் கையைப் பின்னுவது. அப்புறம் எப்படி ஓர் ஆளின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது?

1951 அக்டோபர் 23, ரியோவின் மரக்கானா மைதானம். குமமோட்டோவில் பிறந்த ஜூடோ வீரர் மசஹிகோ கிமுராவும், பிரேசில் ஜியு-ஜிட்சுவை வளர்த்த கிரேசி குடும்பத்தின் எலியோ கிரேசியும் மோதினார்கள். கிமுரா எடையிலும் பலத்திலும் மிக மேலே. இரண்டாவது சுற்றில் எலியோவின் கை இந்தப் பூட்டுக்குள் சிக்கியது. எலியோ தட்டவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் கார்லோஸ்தான் துண்டை உள்ளே எறிந்து ஆட்டத்தை முடித்தார். 1914இல் பிரேசில் வந்த ஜூடோக்காரர் மிட்சுயோ மாயேடாவிடம் கற்று, இந்தக் குடும்பத்துக்கே கலையைக் கொண்டுவந்தவர் அந்தக் கார்லோஸ். அதன் பிறகு பிரேசில்காரர்கள் அந்தப் பூட்டை வென்றவரின் பெயராலேயே அழைக்கத் தொடங்கினார்கள். தோற்கடித்த பங்காளியின் பெயரையே எடுக்காத ஊர்களில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் விசித்திரம்தான்.

விசித்திரம் அதோடு நிற்கவில்லை. எலியோவின் மகன் ராய்ஸ் 1993இல் பல சண்டைக் கலைக்காரர்களும் மோதிக்கொள்ளும் முதல் யூஎஃப்சி போட்டியை வென்று குடும்பப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனார். (பிரேசிலில் அவரை 'ஹாய்ஸ்' என்பார்கள், அங்கே சொல்லின் முதலில் வரும் ர, ஹ போல ஒலிக்கும்.) 1999இல் ஜப்பானின் கசுஷி சகுராபா, ராய்ஸின் அண்ணன் ராய்லரை இதே கிமுராவில் பூட்டினார், ராய்லர் தட்டவில்லை, நடுவர் நிறுத்தினார். 2000 ஆகஸ்டில் கார்லோஸின் பேரன் ரென்சோ. இதே பூட்டு, முழங்கை விலகியது, அவரும் தட்டவில்லை. சகுராபாவுக்குக் 'கிரேசி வேட்டைக்காரர்' என்று பட்டமே கிடைத்தது. இத்தனைக்கும் அவர் ஜூடோ வழியில் வந்தவரல்லர், தொழில்முறை மல்யுத்த வழி. அங்கே இந்தப் பூட்டுக்கு வேறு பெயர்: 'டபுள் ரிஸ்ட்லாக்'.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பிடி' போதாது; பிடி என்பது பற்றுவது மட்டும். மூட்டை அசையவிடாமல் வதைப்பதற்குப் 'பூட்டு' என்பதே பொருத்தம். ஆனால் 'தோள்பூட்டு' என்று வைத்தால் குழப்பம். பேச்சுவழக்கில் பூட்டு என்றால் மூட்டும்தான். "தோள்பூட்டு கழன்றுபோச்சு" என்பார்கள் அல்லவா? 'கைமுறுக்குப் பூட்டு' பொருள் சரி, ஆனால் தீபாவளிப் பலகாரம் ஞாபகத்துக்கு வந்துவிடும். எனக்குத் 'தோள்முறுக்குப் பூட்டு' பிடித்திருக்கிறது. இதில் எதிராளியின் உள்ளங்கை இடுப்பை நோக்கிப் போகிறது. கையைத் தலைப் பக்கமாக மடக்கும் 'அமெரிக்கானா' இதன் உடன்பிறப்பு. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கீழ்முறுக்கு, மேல்முறுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது முதல் தடவை 'கிமுரா எனும் தோள்முறுக்குப் பூட்டு' என்று போட்டுவிட்டு, பிறகு கிமுரா என்றே தொடரலாம். ஆளின் பெயரைப் போய் 'மரத்தூர்' என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.