மறுபடியும் மயிலா?

ஃபேஷன் டிசைன் இறுதியாண்டு ஜூரியில், அதாவது மாணவர்களின் வேலையை நடுவர்கள் பார்க்கிற தேர்வில், இந்த வருடமும் மயில் வந்துவிட்டது. கூடவே தாமரை, கோபுரம், 'கடலின் ஆழம்'. இன்ஸ்பிரேஷனைக் காட்டுகிற போர்டு நிறையப் படங்கள், நடுவில் ஒரு கவிதை வரி, ஓரத்தில் நான்கு நிறப் பட்டைகள். (எங்கள் தொழிலில் கவிதை எழுதுகிறவர்கள் அதிகம், துணியில் நூல் ஓடுகிற திசையான கிரெய்ன் லைன் பார்க்கிறவர்கள் குறைவு.) "இன்ஸ்பிரேஷன் என்னம்மா?" என்றால் "மயில் மேம்." மயிலிலிருந்து என்ன எடுத்தாய் என்றால் "கலர் மேம்." கவுனைப் பார்த்தால் கீழே போகப் போக விரிகிற வழக்கமான ஏ-லைன் கவுன், கீழ்ப்பாதியில் மயிலிறகு டிஜிட்டல் பிரிண்ட். மயிலை எடுத்துவிட்டுக் கிளியை அச்சடித்தாலும் கவுனில் ஒரு தையல்கூட மாறாது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து வந்த தம்பி ஏஐயில் உருவாக்கிய படத்தோடு வந்தார். கழுத்தை ஒட்டிய ஹை நெக், இடுப்பில் பிடித்த சாட்டின், எங்கும் ஒரு ஜாயின்ட்கூட இல்லை. ஜிப் எங்கே என்று கேட்டேன். பின்பக்கம் என்றார். பின்பக்கப் படமும் இருந்தது. அதிலும் ஜிப் இல்லை. அப்புறம் தலை எப்படி உள்ளே போகும்? "தைக்கிறப்போ மாஸ்டர் பார்த்துப்பாரு மேம்."

மாஸ்டர் பார்த்துக்கொண்டால் டிசைனர் அவர்தான். பட்டத்தையும் அவருக்கே கொடுத்துவிடலாம்.

வருடா வருடம் இதே கதை. பெரிய டிசைனர்கள் ஒரு படத்தைப் பார்ப்பார்கள், அது அப்படியே உடையாகிவிடும் என்று எங்கிருந்தோ ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அதனால் பிள்ளைகள் படம் சேர்க்கிறார்கள். நூறு படம் சேர்த்தால் நூறு மடங்கு இன்ஸ்பிரேஷன் என்று நினைப்பு.

எல்லோரும் போர்டில் ஒட்டுகிற உடை ஒன்று உண்டு. 1965-இல் பிரெஞ்சு டிசைனர் ஈவ் சான் லோரான், ஓவியர் மோன்ட்ரியானின் கட்டம் போட்ட ஓவியங்களிலிருந்து செய்த மோன்ட்ரியான் உடை. வெள்ளைக் கட்டங்கள், கொஞ்சம் சிவப்பு, நீலம், மஞ்சள், இடையில் கறுப்புக் கோடுகள். ஓவியத்தை எடுத்துத் துணியில் பிரிண்ட் போட்டுவிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். பிரிண்ட் இல்லை. ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வெட்டிய கம்பளி ஜெர்சித் துண்டு. ஓவியம் தட்டை, அதைப் போடப்போகிற உடம்பு தட்டை இல்லை. மார்பின் வளைவுக்கு நாம் சாதாரணமாக டாட் பிடிப்போம், அதாவது துணியைக் கொஞ்சம் மடித்துத் தைப்போம். இங்கே நினைத்த இடத்தில் டாட் பிடித்தால் கட்டம் கோணிவிடும். அதனால் உடம்புக்குத் தேவையான வளைவு முழுவதையும் அந்தக் கட்டங்களைச் சேர்க்கிற தையல்களுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். உடை உடம்பில் பொருந்தி நிற்கிறது, கண்ணுக்கு மட்டும் பலகை போலத் தெரிகிறது. ஓவியத்திலிருந்து அவருக்குக் கிடைத்தது ஒரு சிக்கல்: தட்டையான ஒன்றை உருண்ட உடம்பின் மேல் தட்டையாகவே எப்படிக் காட்டுவது? பிரிண்ட் போட்டிருந்தால் அந்தச் சிக்கலே வந்திருக்காது, நாமும் இன்று அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

இதற்காக மியூசியம் மியூசியமாக அலைய வேண்டும் என்று சொல்லவில்லை. அம்மா பரிசாகக் கொடுத்த மோன்ட்ரியான் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் சான் லோரானுக்கே அந்த யோசனை வந்தது. படத்தைப் பார்ப்பதில் தவறில்லை, படத்தோடு நின்றுவிடுவதுதான் எரிச்சல்.

மயிலைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதற்கு விடை நம் பீரோவிலேயே இருக்கிறது. மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பாவில் (நெடுக்கு நூலில்) ஒரு நிறம், ஊடையில் (குறுக்கு நூலில்) வேறு நிறம். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம், மறுபக்கம் சாய்த்தால் பச்சை. மயிலிறகின் நிறமும் பார்க்கிற கோணத்துக்குத் தகுந்தபடிதான் மாறும். அந்த மாற்றத்தையே நெசவாளர் தறியில் கொண்டுவந்துவிட்டார், துணியில் ஒரு மயில்கூட வரையாமல். இதைவிட நல்ல பாடம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது.

ஜப்பானிய டிசைனர் ரெய் கவாகுபோவின் 1982 ஸ்வெட்டரைப் பாருங்கள். கறுப்பு நிறம், உடம்பெல்லாம் ஓட்டை. பின்னும் இயந்திரத்தின் திருகுகளை வேண்டுமென்றே தளர்த்தி, அது ஒழுங்காகப் பின்ன முடியாதபடி செய்து எடுத்த துணி அது. திருப்பூரில் ரிஜெக்ட் என்று ஓரமாகத் தூக்கிப் போட்டிருப்பார்கள். அவருக்கு அந்தக் குறைதான் லேஸ். இன்னொரு ஜப்பானிய டிசைனர் இஸ்ஸே மியாகேயின் மடிப்பு உடைகளும் அப்படித்தான். மடித்த துணியை வாங்கித் தைத்தவை இல்லை அவை. அளவைவிட இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக முதலில் உடையைத் தைத்துவிடுவார்கள். பிறகு அதைக் காகிதங்களுக்கு நடுவில் வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்பு எடுப்பார்கள். 1991-இல் ஃபிராங்க்ஃபர்ட் பாலே கலைஞர்களுக்கு இந்த முறையில் ஆடை செய்து கொடுத்தார். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு துள்ளியதும் வளைந்ததும்தான் 1993-இல் தனிப் பிராண்டாக வளர்ந்தது. ஆடுகிறவரின் உடம்பு அங்கே இன்ஸ்பிரேஷன், போர்டில் ஒட்டிய நடனப் படம் இல்லை.

டிசைனர் பாலென்சியாகா, ஸ்பெயினில் ஒரு மீனவ ஊரில் தையல் வேலை செய்த அம்மாவின் பிள்ளை. ஓவியர் வெலாஸ்கெஸின் இளவரசி ஓவியங்களை வைத்து 1939-இல் உடை செய்தவர். சிற்பம் போல நிற்கிற வடிவங்களை நோக்கிப் போனபோது அதற்கென்றே ஒரு துணி தேவைப்பட்டது. சூரிச்சின் ஆபிரகாம் என்கிற துணி நிறுவனத்தோடு சேர்ந்து 1958-இல் கஸார் என்கிற விறைப்பான பட்டுத் துணியை உருவாக்கினார். பிரிட்டிஷ் டிசைனர் அலெக்ஸாண்டர் மெக்வீன் 2001 வசந்தகாலக் கலெக்‌ஷனில் கடற்கரைச் சிப்பிகளைக் கோத்து உடை செய்ததைச் சொல்லாத மாணவர் இல்லை. அவர் 16 வயதில் லண்டனில் தையல்காரர்களுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் கோட் தைக்கப் பழகப் போனதைச் சொல்கிறவர்தான் இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "என் பொண்ணு நல்லா டிராயிங் போடுவா" என்று அட்மிஷனுக்கு வருகிறீர்கள். சந்தோஷம். வீட்டில் ஒரு தலையணை உறையாவது பிரித்துத் தைத்திருக்கிறாளா என்றும் பாருங்கள். பிரெஞ்சு டிசைனர் மதலேன் வியோனே அரை அளவு மரப் பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் துணியைச் சாய்வாக வெட்டுகிற கிராஸ் கட்டிங்கில் யாருக்கும் வராத வேலைகளைச் செய்தார்.

அதே வியோனேதான் நகல்காரர்களின் தொல்லை தாங்காமல் லேபிளில் தன் கட்டைவிரல் ரேகையைப் பதித்தவர். பூட்டிக் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிரபல டிசைனரின் லெஹங்கா ஸ்கிரீன்ஷாட்டோடு வருகிற வாடிக்கையாளரிடம் "சேம் டு சேம் பண்ணிடலாம்" என்று சொல்லாதீர்கள். படத்தில் தெரியாத கேன்கேன் (பாவாடையை விரித்து நிறுத்துகிற உள்வலை), உள்தையல், துணியின் எடை எதுவும் உங்கள் கையில் இல்லை. கடைசியில் அது தொங்கும், நீங்கள் திட்டு வாங்குவீர்கள். கற்றுக்கொள்வதற்காக ஒன்றைப் பிரித்து அப்படியே தைத்துப் பார்ப்பது வேறு. தாராளமாகச் செய்யுங்கள், விற்காதீர்கள்.

சொந்த டிசைன் வைத்திருப்பவர்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன்னால் இந்திய டிசைன் சட்டப்படி அதைப் பதிவு செய்யுங்கள். வெளியிட்டுவிட்டால் புதுமை போயிற்று என்று விண்ணப்பமே அடிபடலாம். பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல் விட்டால், இயந்திர உற்பத்தியில் 50 பிரதிகளைத் தாண்டியதும் பதிப்புரிமையும் போய்விடும். ஒரு ஊரின் கைவேலையிலிருந்து எடுத்தால் அந்த ஊரின் பெயரைச் சொல்லுங்கள், வேலை செய்தவருக்குக் காசு கொடுங்கள். 2025 ஜூனில் மிலான் மேடையில் இத்தாலிய நிறுவனமான பிராடா காட்டிய செருப்பு அப்படியே கோலாப்பூர் செருப்பு போல இருந்தது. புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. கோலாப்பூர் பெயர் எங்கும் இல்லை. இங்கே எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் காலணியின் தாக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

மாணவர்களே, தயவுசெய்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அதைத் தொடுங்கள், மடியுங்கள், பிரியுங்கள். அது எப்படி நிற்கிறது, எதில் தொங்குகிறது, எங்கே விரிகிறது என்று எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஏஐ படம் எடுப்பதென்றால் எடுங்கள். அடுத்த நிமிடமே ஜாயின்ட் எங்கே, திறப்பு எங்கே, துணி என்ன என்று அதன் மேலேயே பேனாவால் குறியுங்கள். குறிக்க முடியவில்லையா, அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். அடுத்த ஜூரிக்கு வரும்போது காடாத் துணியில் தைத்துப் பார்த்த மாதிரி உடைகளை, அதாவது டாயில்களைக் கொண்டுவாருங்கள், சொதப்பியதையும் சேர்த்து. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். போர்டை லேமினேஷன் செய்கிற காசில் நாலைந்து மீட்டர் காடா வாங்கிவிடலாம்.