சாவியை அனுப்பாமலே பூட்டுவது எப்படி?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய குடியிருப்பில் புதிதாக நலச்சங்கம் பதிவாகியிருக்கிறது, இவர்தான் செயலாளர். உறுப்பினர் விவரங்களைச் சேகரிக்க வேண்டும், எல்லோரையும் ஒரு குழுவில் இணைக்க வேண்டும். “விவரங்களுக்கு கூகுள் ஃபார்ம் போதுமா? குழுவுக்கு வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, சிக்னலா? டெலிகிராம்தான் பத்திரம் என்கிறார் ஒருவர். வாட்ஸ்அப்பில் பேசுவதை அரசாங்கம் படிக்கிறது என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?”

ஃபார்ம் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தாராளமாகப் போதும். பதில்கள் கூகுளின் சர்வரில் பூட்டித்தான் இருக்கும், ஆனால் சாவியும் அவர்களிடமே இருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து நம் பக்கத்தில்தான். பதில்கள் வந்து விழும் ஷீட்டை, லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்று யாராவது மாற்றி, அந்த லிங்க்கைக் குழுவில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆகவே பெயர், வீட்டு எண், போன் எண், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சில சங்கங்கள் ஆதார் நகல் கேட்கின்றன. தண்ணீர் லாரிக்குக் காசு பிரிக்க ஆதார் எதற்கு? கேட்டே தீருவோம் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை வாங்குங்கள். அதை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

குழுவுக்கு வருவோம். செய்தியைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், மூன்று செயலிகளும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். டெலிகிராமில் சாதாரண உரையாடல்களும் எல்லாக் குழுக்களும் அந்த நிறுவனத்தால் திறக்கக்கூடிய விதத்தில் அதன் சர்வர்களில் இருக்கின்றன. ‘சீக்ரெட் சாட்’ விதிவிலக்கு. ஆனால் அது இருவருக்கு இடையில் மட்டும்தான், அதையும் நாமே தேடிப்போய்த் தொடங்க வேண்டும். டெலிகிராமுக்கு வேறு பலங்கள் உண்டு. ஒரு குழுவில் 2 லட்சம் பேர் வரை சேரலாம், போன் எண்ணை மறைக்கலாம். பத்திரம் என்று அதைச் சொன்னவர் மட்டும் தலைகீழாகச் சொல்லிவிட்டார்.

வாட்ஸ்அப்பில் 2016 ஏப்ரலிலிருந்து தனி உரையாடல், குழு எல்லாமே இரு முனைகளிலும் பூட்டப்பட்டுத்தான் போகின்றன. சாவி நம் போன்களில் மட்டும். அதற்கு அடிப்படையான முறை சிக்னலிடமிருந்து வந்தது. வித்தியாசம் என்னவென்றால், யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரம் வாட்ஸ்அப்புக்குத் தெரியும். சிக்னல் அதைக்கூட வைத்துக்கொள்வதில்லை. 2016-இல் அமெரிக்காவில் சட்டபூர்வ ஆணை வந்தபோது, கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நேரம் இவ்விரண்டைத் தவிர அவர்களால் எதையும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. எனக்கு சிக்னல்தான் பிடிக்கும். ஆனாலும் உங்கள் உறுப்பினர்களிடம் ஏற்கெனவே வாட்ஸ்அப் இருக்கும், அதிலேயே தொடங்குங்கள். பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேசுவதற்காக மூன்றாம் மாடித் தாத்தாவைப் புதுச் செயலி இறக்கச் சொல்ல வேண்டியதில்லை.

‘மூன்று டிக் வந்து, மூன்றும் சிவப்பாக இருந்தால் அரசு உங்கள் மீது நடவடிக்கை தொடங்கிவிட்டது’ என்று ஒரு ஃபார்வர்டு பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. சுத்தப் பொய். வாட்ஸ்அப்பில் மூன்று டிக் என்று ஒன்று கிடையவே கிடையாது. இத்தனை பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் சாமி குத்தம் என்று முன்பு தபால் அட்டைகள் வந்துகொண்டிருந்தனவே, அதே சரக்குதான். பயமுறுத்தினால் நம் ஆட்கள் அனுப்பிவிடுவார்கள்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். செயலாளரும் பொருளாளரும் முதல் முறையாக வாட்ஸ்அப்பில் பேசுகிறார்கள். முன்கூட்டி எந்த ரகசியச் சொல்லையும் பேசி வைக்கவில்லை. அனுப்புவது எல்லாம் நிறுவனத்தின் சர்வர் வழியாகவே போக வேண்டும். சாவியை அனுப்பினால் சர்வரும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம். சாவியைப் பூட்டி அனுப்பலாமென்றால், அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி வேண்டும். அப்படியென்றால் சர்வருக்குத் தெரியாத ஒரு சாவி இருவரிடமும் எப்படி வந்தது?

அமெரிக்க ஆய்வாளர்கள் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் இருவரும் 1976-இல் வெளியிட்ட விடை: சாவியை அனுப்பவே வேண்டாம். இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரே சாவிக்கு வந்து சேரலாம்.

பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதம் போதும். ஓர் எண்ணை 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். 17, 3 என்ற இரண்டு எண்களையும் ஊரறியச் சொல்லிவிடலாம். செயலாளர் மனதுக்குள் 7 என்று ஓர் எண்ணை நினைத்துக்கொள்கிறார். 3-இன் 7-ஆம் அடுக்கு 2187, அதை 17-ஆல் வகுத்தால் மீதி 11. இந்த 11-ஐ மட்டும் அனுப்புகிறார். பொருளாளர் நினைத்த எண் 6. 3-இன் 6-ஆம் அடுக்கு 729, மீதி 15. அவர் 15-ஐ அனுப்புகிறார். இப்போது செயலாளர், தனக்கு வந்த 15-ஐத் தன் ரகசியமான 7-ஆம் அடுக்குக்கு உயர்த்தி மீதி எடுக்கிறார்: 8. பொருளாளர் தனக்கு வந்த 11-ஐ 6-ஆம் அடுக்குக்கு உயர்த்தி மீதி எடுக்கிறார்: அவருக்கும் 8.

அந்த 8-ஐ யாரும் யாருக்கும் அனுப்பவில்லை!

மாயம் ஒன்றுமில்லை. 3⁷-ஐ 6-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும், 3⁶-ஐ 7-ஆம் அடுக்குக்கு உயர்த்தினாலும் கிடைப்பது 3⁴²-தான். நடுவில் உட்கார்ந்திருக்கும் சர்வர் பார்த்தவை 17, 3, 11, 15 ஆகிய நான்கு எண்கள். அது சும்மா இருக்குமா? 11-ஐயும் 15-ஐயும் பெருக்கிப் பார்க்கும். பெருக்கினால் அடுக்குகள் கூடும், 7+6 என்று 3¹³ வரும், மீதி 12. வேண்டியதோ 7×6. அதற்கு 7 அல்லது 6, இரண்டில் ஒன்றாவது தெரிய வேண்டும். ரகசியம் வைத்திருப்பவரால் மட்டும்தான் அடுக்கின் மேல் அடுக்கு ஏற்ற முடியும். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

சர்வர் 11-ஐப் பார்த்து 7-ஐக் கண்டுபிடிக்கக் கூடாதா? 17 என்ற சின்ன எண்ணுக்குக் கண்டுபிடித்துவிடும். ஆனால் 3-இன் அடுக்குகளின் மீதிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 3, 9, 10, 13, 5, 15, 11, 16... ஏறுகிறது, இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. இலக்கு பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்பதற்குக்கூடத் தடயம் கிடையாது. இப்போது 17-க்குப் பதிலாக 2048 பிட் எண் ஒன்றை, அதாவது சுமார் 617 இலக்கங்கள் கொண்ட பகா எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். முன்னோக்கிப் போவது நமக்கு எளிது. வர்க்கம், வர்க்கத்தின் வர்க்கம் என்று தாவிப் போனால் ஏறக்குறைய 3,000 பெருக்கல்களில் முடிந்துவிடும், போனுக்கு அது ஒரு கண்சிமிட்டல். திரும்பி வர, இன்றைய கணினிகளுக்குக் கைகூடும் வழி எதையும் யாரும் வெளியிட்டதில்லை. அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்று யாரும் நிரூபித்ததும் இல்லை. உலகமே சாய்ந்திருக்கும் சுவர் இது. நம் போன்களில் இந்த அடுக்குக் கணக்குக்குப் பதிலாக ஒரு வளைவின் மேலுள்ள புள்ளிகளை வைத்துச் செய்கிறார்கள். எண்கள் சிறிதாகும், தத்துவம் அதேதான். அதுமட்டுமல்ல, ஒவ்வொரு செய்திக்கும் புதுச் சாவி உருவாகி, பழையது அழிக்கப்படுகிறது.

இந்த யோசனைக்கு இன்னொரு தகப்பனும் உண்டு. ரால்ஃப் மெர்க்கிள் 1974-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, முன்பின் ரகசியம் பேசி வைக்காத இருவர் சாவி உருவாக்க முடியும் என்று வகுப்புக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். எடுபடவில்லை, அந்தப் பாடத்தையே விட்டுவிட்டார். அவருடைய கட்டுரை அச்சேற 1978 ஆனது. பிரிட்டன் உளவுத்துறையின் கணித ஆட்கள் இதே விடையை 1970-களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார்கள், 1997 வரை வெளியே சொல்ல அனுமதியில்லை. நம்மூரில் ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பித்தால், இதனால் சமூகத்துக்கு என்ன பயன், மூன்று ஆண்டில் என்ன கிடைக்கும் என்று ஒரு கட்டத்தை நிரப்பச் சொல்கிறார்கள். பகா எண்களின் மீதிகளோடு விளையாடிக்கொண்டிருந்த பழைய கணிதக்காரர்கள் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்கள்? அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு நூறு பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. எதிரே இருப்பவர் யார் என்று கணக்கு சொல்லாது. சர்வரே பொருளாளர் போல நடித்து உங்களோடு ஒரு சாவி, செயலாளர் போல நடித்து அவரோடு ஒரு சாவி என்று போட்டுக்கொண்டால், நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிடலாம். இதைப் பிடிக்கத்தான் வாட்ஸ்அப்பில் 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு இருக்கிறது. ஒருவரின் பெயரைத் தொட்டு, என்கிரிப்ஷன் (இப்படிப் பூட்டுவதற்கு ஆங்கிலப் பெயர்) என்ற வரிக்குள் போனால் தெரியும். இருவர் போனிலும் அது ஒன்றாக இருந்தால் நடுவில் ஆள் இல்லை. குறியீடு மாறிவிட்டது என்று எப்போதாவது ஓர் அறிவிப்பு வருமே, பெரும்பாலும் அவர் புது போன் வாங்கியிருப்பார். பணம் சம்பந்தப்பட்ட ஆள் என்றால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பேக்கப். வழியில் இத்தனை கவனமாகப் பூட்டிய செய்திகள், கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ நகலாகப் போகும்போது அந்தப் பூட்டு தானாகக் கூடவே போவதில்லை. செட்டிங்ஸில் சாட் பேக்கப் பகுதிக்குள் அதற்கென்று தனி என்கிரிப்ஷன் வசதி 2021-இலிருந்து இருக்கிறது, நாம்தான் போட வேண்டும். கடவுச்சொல் அல்லது 64 இலக்கச் சாவி கேட்கும். அதை மறந்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் திறந்து தர முடியாது, ஆகவே காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.