இரக்கம் எல்லை தாண்டும் இடம்: மீட்பு வழிகாட்டிகளுக்கான நெறிமுறைப் பயிற்சி

குடியிலிருந்தோ போதைப்பொருளிலிருந்தோ மீண்ட ஒருவர், மீள நினைக்கும் இன்னொருவருக்குத் துணை நிற்பதுதான் ரெக்கவரி கோச் எனப்படும் மீட்பு வழிகாட்டியின் பணி. பட்ட அனுபவமே அவருடைய தகுதி. நெறிமுறைச் சிக்கல்கள் முளைப்பதும் அங்கேதான். ஐசி அண்ட் ஆர்சி என்ற பன்னாட்டுச் சான்றளிப்பு அமைப்பு இதற்குக் கேட்கும் 46 மணி நேரப் பயிற்சியில் 16 மணி நேரம் நெறிமுறைக்கே. அதை விதிகளை வாசித்துக் காட்டியே தீர்த்துவிட்டால் பயிற்சி வீண்.

பெரும்பாலான வழிகாட்டிகள் தடுக்கி விழுவது இரக்கத்தில்தான். பஸ் செலவுக்கு என்று சின்னக் கைமாத்து கொடுப்பார்கள். வாங்கியவருக்குத் திருப்பித் தர முடியாது. முகத்தில் விழிக்கக் கூசி வராமல் இருப்பார், போனும் எடுக்க மாட்டார். மறுபடி குடித்துவிட்டாரோ என்று இவர் பதறுவார். அவரை விரட்டியது அந்தக் கடன்.

அதனால் மறுக்கும் சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்: "என் கையிலிருந்து பணம் தர எனக்கு அனுமதி இல்லைங்க. பயணச் செலவுக்கு வேறு வழி இருக்கான்னு இப்பவே சேர்ந்து கேட்போம்." மூன்று பேர் உட்காரட்டும்: கேட்பவர், மறுப்பவர், கவனிப்பவர். கேட்பவர் மூன்று முறையாவது கெஞ்ச வேண்டும். முதல் முறை எல்லோரும் மறுத்துவிடுவார்கள். மூன்றாவதில்தான் குரல் இளகும்.

"நீங்க சொல்றது எதுவும் வெளியே போகாது" என்பது தரக்கூடாத வாக்குறுதி. உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்ற விலக்குகளை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொரு பொறி, குடும்பத்தாரின் போன். "அவர் அங்க வர்றாரா?" என்று கேட்டால், "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பதே காட்டிக்கொடுத்துவிடும். "யார் வர்றாங்க, வரலைன்னு நாங்க யாருக்கும் சொல்றதில்லைங்க" என்பதுதான் சரியான பதில்.

வழிகாட்டி சொல்லிவிடக்கூடிய, ஆபத்து அதிகமான வாக்கியம் ஒன்று உண்டு: "நான் மாத்திரை இல்லாமலேயே விட்டேன்." அதை நம்பி, நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் மருந்தில்லாமல் சட்டென நிறுத்தினால், பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளுக்குப் பிறகு மனக்குழப்பமும் நடுக்கமும் முற்றி உயிரே போகலாம். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் என்ற மருந்தை எடுப்பவர் அதை விட்டுவிட்டால், உடலின் தாங்குதிறன் குறையும். பிறகு சறுக்கி, போதைப்பொருளைப் பழைய அளவிலேயே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைச் சேர்ந்து எழுதித் தருவது வழிகாட்டியின் வேலை. மருந்தைப் பற்றி முடிவு சொல்வது அவர் வேலையல்ல.

வழிகாட்டியே மறுபடி குடித்துவிட்டால்? பல பயிற்சிகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. எழாததால்தான் வேலை போய்விடுமோ என்று பயந்து மறைக்கிறார்கள். யாருக்கு முதல் போன், அந்த வழிகாட்டியின் கவனிப்பில் இருப்பவர்களை அன்றே யார் ஏற்பார், எப்போது பணிக்குத் திரும்பலாம் என்பதையெல்லாம் வேலையில் சேரும்போதே மேற்பார்வையாளரோடு பேசி எழுதிக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும்.