ஆங்சைட்டி: பயமா, பதட்டமா, பதற்றமா?

"நாளைக்கு வைவா, ஒரே ஆங்சைட்டியா இருக்கு." கல்லூரி விடுதிகளில் டென்ஷனை ஓரங்கட்டிவிட்டு இந்தச் சொல் உட்கார்ந்துவிட்டது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் 'ஆங்கெரெ' என்றால் நெரித்தல், இறுக்குதல். அதன் வழியில் வந்ததுதான் ஆங்சைட்டி. மார்பை இறுக்கும் வலியைக் குறிக்கும் ஆஞ்சைனாவும், ஜெர்மன் மொழியில் பயத்தைக் குறிக்கும் 'ஆங்ஸ்ட்'டும் இதற்கு உறவுக்காரர்கள். தேர்வறை வாசலில் ஹால் டிக்கெட்டின் ஓரம் வியர்வையில் நனைய, ஒரு மடக்குத் தண்ணீர்கூட இறங்காமல் நிற்கும் மாணவியைக் கேட்டுப் பாருங்கள். "தொண்டைய அடைக்குது" என்பாள். லத்தீன் படிக்காமலே வேர்ப்பொருளைச் சொல்லிவிட்டாள்!

நம்மிடமும் இப்படி ஒரு சொல் உண்டு. 'இடுக்கண் வருங்கால் நகுக' என்கிறது குறள். இடுங்குதல் என்றால் சுருங்குதல். துன்பத்தில் பார்வை மலர்ச்சி இழந்து இடுங்குவதால் இடுக்கண் என்பார்கள். அங்கே தொண்டை, இங்கே கண். ஆனாலும் இடுக்கண் பொதுவாக எல்லாத் துன்பத்துக்கும் ஆகிவிட்டதால் இங்கே அது உதவாது.

சரி, எந்தச் சொல் பொருந்தும்? பயம் சரிவராது. எதிரே பாம்பு நின்றால் பயம். பாம்பே இல்லாத அறையில் 'வந்துவிடுமோ' என்று விடிய விடிய விழித்திருப்பது வேறு. கவலையில் மனம் இருக்கிறது, படபடக்கும் நெஞ்சு இல்லை. மன அழுத்தம் என்பதை ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரஷனுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு ஏற்கெனவே குழப்பிவைத்திருக்கிறோம். மூன்றாவது சுமை வேண்டாம்.

என் தேர்வு பதற்றம். மனமும் உடலும் சேர்ந்து துடிப்பது அதில் இருக்கிறது. பலர் 'பதட்டம்' என்று எழுதுகிறார்கள். ஏறு ஏற்றம் ஆவதுபோல, மாறு மாற்றம் ஆவதுபோல, பதறு பதற்றம்தான் ஆகும். ஒரு குறையும் உண்டு: 'பதறாத காரியம் சிதறாது' என்னும்போது அவசரம் என்ற பொருளே முந்துகிறது. அதனால் சிலர் மனப்பதற்றம் என்கிறார்கள். இலங்கைத் தமிழில் பதகளிப்பு என்ற அழகான சொல் புழங்குகிறது. அதை நாம் கடன் வாங்கினாலும் தப்பில்லை.

வைவா முடிந்ததும் அடங்கிவிட்டால் அது வெறும் பதற்றம். தேர்வு, வேலை, வீடு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாள்களில் தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால் மருத்துவர்கள் அதைக் கோளாறாகப் பார்ப்பார்கள். இதற்குப் பதற்றக் கோளாறு என்ற சொல்லே போதும்.

பதற்றத்தை அளவிடக் கல்லூரி ஆலோசகர்கள் பலர் கையாளும் 'ஜிஏடி-7' படிவத்தில் கடந்த 2 வாரங்களைப் பற்றி 7 கேள்விகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 21. பத்தைத் தொட்டால் கூடுதலாகப் பரிசோதிக்க வேண்டும் என்று பொருள். நோய் உறுதி என்று அல்ல.

அப்புறம், ஆலோசகரின் கதவில் தொங்கும் 'கவுன்சிலிங்' பலகை. அட்மிஷனுக்கு இடம் ஒதுக்குவதும் நமக்குக் கவுன்சிலிங்தான், ஒழுங்கு நடவடிக்கைக்குக் கூப்பிட்டுக் கண்டிப்பதும் கவுன்சிலிங்தான். அந்தக் கதவைத் தட்ட மாணவர் தயங்குவதில் வியப்பில்லை. 'உளவளத் துணை' என்று எழுதிப் போட்டால், துணை என்ற சொல்லாவது உள்ளே கூப்பிடும்.